கண்ணாடித் தொட்டியில் ஒரு கடல்

கடலுக்கு அடியில் மூழ்கி, பவழப்பாறைகளுக்கு இடையே நீந்தும் மீன்களைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு நம்மில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கிடைக்காதவர்கள் வேறு வழி தேடுகிறார்கள். நாம் கடலுக்குள் போக முடியாவிட்டால் என்ன, கடலில் ஒரு சிறு துண்டை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டால் போயிற்று! கண்ணாடித் தொட்டி, உப்பு நீர், கொஞ்சம் மணல், நாலைந்து வண்ண மீன்கள். இவ்வளவுதானே?

நானும் ஒரு காலத்தில் அப்படி எண்ணியவன்தான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை புதிய தொட்டியில் உப்பு நீரை நிரப்பினேன். சனிக்கிழமை காலையில் ஐந்து மீன்களை வாங்கி வந்து விட்டேன். நீர் பளிங்கு போல இருந்தது. மீன்கள் சுறுசுறுப்பாக உணவு தின்றன. தெருவில் உள்ள பிள்ளைகள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை இரண்டு மீன்கள் நீரின் மேல்மட்டத்திலேயே நின்றுகொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. அவற்றின் செவுள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. வெள்ளிக்கிழமைக்குள் நான்கு மீன்கள் இறந்துவிட்டன. ஐந்தாவது மீன் ஞாயிற்றுக்கிழமை வரை தாங்கியது. தண்ணீர் மட்டும் அப்போதும் பளிங்காகவே இருந்தது!

"நீங்கள் கொடுத்த மீன் சரியில்லை" என்று கடைக்காரரிடம் சொன்னேன். "உங்கள் தண்ணீர்தான் சரியில்லை, சார்" என்றார் அவர். அவர் சொன்னதுதான் சரி. ஆனால் தண்ணீரில் என்ன சரியில்லை என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அந்த ஐந்து மீன்களும் எதனால் இறந்தன என்று தெரிந்துகொண்டால், பவழப்பாறைத் தொட்டி அமைப்பதில் பாதி வேலை முடிந்தது எனலாம்.

கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள்

மீன் உணவு தின்கிறது. உணவில் புரதம் உண்டு. புரதத்தில் நைட்ரஜன் உண்டு. உடலுக்கு வேண்டியது போக மிஞ்சும் நைட்ரஜனை நாம் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் கழிக்கிறோம். மீன்களோ பெரும்பாலும் அதை அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே நீரில் விட்டுவிடுகின்றன. மிச்சமாகி அழுகும் உணவிலிருந்தும் அம்மோனியா பிறக்கிறது. இது நிறமற்றது; நீரில் முழுமையாகக் கரைவது. ஆகவேதான் தண்ணீர் தெளிவாகத் தோன்றியது. தெளிவான நீர் என்பது வேறு, தூய நீர் என்பது வேறு.

நன்னீரைவிடக் கடல்நீரில் அம்மோனியா மிகக் கொடியது. ஏன் தெரியுமா? நீரில் அம்மோனியா இரண்டு உருவங்களில் இருக்கிறது. ஒன்று அம்மோனியம் அயனி. இது அவ்வளவாகத் தீங்கு செய்யாது. மற்றொன்று அயனியாகாத அம்மோனியா. இதுதான் செவுள்களின் வழியே எளிதில் உள்ளே புகுந்து கொல்வது. நீரின் பி.எச். எண் ஒன்று கூடினால் இந்த நச்சு உருவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. நம் கிணற்று நீரின் பி.எச். பெரும்பாலும் 7-ஐ ஒட்டியிருக்கும். கடல்நீரின் பி.எச். 8.1 அல்லது 8.2. மீதியை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் கடலில் மீன்கள் எப்படி வாழ்கின்றன? கடல் மிகப் பெரியது என்பது பாதி விடைதான். மறுபாதியை 1890-ஆம் ஆண்டில், சூரிச் நகரில் ஆய்வு செய்துகொண்டிருந்த ரஷ்ய அறிவியலறிஞர் செர்கே வினோகிராட்ஸ்கி கண்டுபிடித்தார். மண்ணில் வாழும் சிலவகைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை ஆக்ஸிஜனோடு சேர்த்து நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறு சில அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நாம் சோறு உண்டு சக்தி பெறுவது போல அவை இந்த வேதிவினையிலிருந்தே சக்தி பெறுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான். நைட்ரேட்டோ குறைந்த அளவில் இருந்தால் மீன்களுக்குக் கேடில்லை. அவ்வப்போது நீரில் ஒரு பகுதியை மாற்றினால் அதுவும் குறைந்துவிடும்.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. அம்மோனியாவைத் தின்னும் இந்த வேலையைப் பாக்டீரியாக்கள் மட்டுமே செய்கின்றன என்று நூறாண்டுகளுக்கும் மேலாக எல்லாரும் நம்பி வந்தார்கள். 2005-ஆம் ஆண்டில், ஆர்க்கியா எனப்படும் முற்றிலும் வேறான நுண்ணுயிர்ப் பிரிவைச் சேர்ந்த ஒன்றும் அதே வேலையைச் செய்வதாகக் கண்டுபிடித்தார்கள். அதற்கு நைட்ரோசோபியூமிலஸ் மாரிட்டிமஸ் என்று பெயர். இத்தகைய ஆர்க்கியாக்கள் உலகப் பெருங்கடல்களில் ஏராளமாக வாழ்கின்றன. ஆனால் முதன்முதலில் அது பிடிபட்ட இடம் எது? நடுக்கடல் அன்று, அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மீன் காட்சிசாலையில், வெப்பமண்டலக் கடல்மீன்கள் வாழ்ந்த ஒரு தொட்டியின் அடியில் கிடந்த கற்கள்!

ஆக, என் தொட்டியில் நான் ஐந்து மீன்களைக் குடியேற்றினேனே தவிர, அவற்றுக்கு முன்பே குடியேறியிருக்க வேண்டிய கோடிக்கணக்கான நுண்ணுயிர்களை மறந்துவிட்டேன். கழிவுநீர்க் கால்வாயே இல்லாமல் கட்டிய வீட்டில் ஆட்களைக் குடிவைத்தது போலாயிற்று.

ஜகார்த்தாவின் கற்களும் நம் சட்டமும்

இந்த நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிவதைவிட, கற்களிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு வாழ்வதையே விரும்புகின்றன. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் இதைத் தம் அனுபவத்தால் பயன்படுத்திக்கொண்டார். கடலிலிருந்து உயிர்கள் ஒட்டியிருந்த கற்களை எடுத்து வந்து தொட்டியில் அடுக்கினார். காற்றுக் குமிழிகளை விட்டார். சூரிய ஒளி படச் செய்தார். வேறு வடிகட்டி எதுவும் இல்லை! அந்தத் தொட்டிகளில் மீன்கள் மட்டுமல்ல, பவழங்களும் உயிரோடு இருந்தன. 1961-இல் அவர் இதைப் பற்றி அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் எழுதியபோது பலர் நம்பவில்லை. இன்று உலகெங்கும் பவழத்தொட்டி வைப்பவர்கள் அவரைத்தான் முன்னோடியாகக் கொள்கிறார்கள்.

"அப்படியானால் நாமும் இராமேசுவரம் போய்க் கொஞ்சம் கல் எடுத்து வரலாமே!" என்று நீங்கள் கிளம்பிவிடக்கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பாறை அமைக்கும் பவழங்கள் அனைத்தும் 2001-இல் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கருப்புப் பவழம், தீப்பவழம், கடல் விசிறி ஆகியனவும் அதே அட்டவணையில் உள்ளன. புலி இருக்கும் அட்டவணை அது! உயிருள்ள பவழம் மட்டுமல்ல, செத்த பவழக்கல்லை எடுத்து வைத்திருப்பதும் குற்றம். கடல் குதிரையும் இப்படித்தான். யாராவது உங்களுக்கு இவற்றை விற்க வந்தால் வாங்காதீர்கள்.

சட்டம் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றியுள்ள பவழப்பாறைகளை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கட்டட வேலைக்கும் பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். பவழப்பாறை, தீவுக்கு அலை தாங்கும் மதில். மதில் போனதும் மண்ணை அலை அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. இந்தப் பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கப்பட்ட பிறகும் பாறைகளுக்கு நிம்மதி இல்லை. 2016-ஆம் ஆண்டுக் கோடையில் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறியபோது, அங்கே ஏராளமான பவழங்கள் வெளிறி, ஒரு பகுதி செத்தும் போயிற்று.

மீன்தொட்டி ஆசையே ஒரு கடற்கரையைப் பாழாக்கிய கதையும் உண்டு. 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் உலகின் முதல் பொது மீன் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. அதற்கு உயிர்களைச் சேகரித்துத் தந்தவர்களுள் ஒருவர் பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை அறிஞர். அடுத்த ஆண்டே அவர் கடல்நீர்த் தொட்டி வைப்பது எப்படி என்று ஒரு நூல் எழுதினார். அது பெரும் பரபரப்பாகிவிட்டது. வாளியும் உளியும் ஏந்தி மக்கள் இங்கிலாந்தின் கடற்கரைகளுக்குத் திரண்டார்கள். பாறைக் குட்டைகளில் இருந்த கடல் சாமந்திகளைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். தந்தையின் நூல்களே அந்தக் கரைகளை வெறுமையாக்கிவிட்டன என்று அவருடைய மகன் எட்மண்ட் காஸ் பின்னாளில் வருந்தி எழுதினார்.

ஆகவே நாம் அமைக்கப்போவது பவழம் இல்லாத பவழப்பாறைத் தொட்டி. கல், மணல், நீரோட்டம், நுண்ணுயிர், மீன் எல்லாம் உண்டு. ஆனால் கடலிலிருந்து பெயர்த்தது ஒன்றுகூட இல்லை. இது குறைந்துபோன ஒன்று என்று எண்ணாதீர்கள். இதை ஓராண்டு செம்மையாக நடத்துவதே பெரிய வேலை என்பது நடத்தியவர்களுக்குத்தான் தெரியும்!

முதலில் ஒரு வாளி

தொட்டி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன், பத்து லிட்டர் கொள்ளும் புதிய பிளாஸ்டிக் வாளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு பட்ட வாளி கூடாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. எனவே பத்து லிட்டர் நல்ல நீருக்கு 350 கிராம் கடல்நீர் உப்புக் கலவை வேண்டும். சமையல் உப்பு போதாதா என்று கேட்கிறீர்களா? போதாது. அந்த 35 கிராமில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் ஏறத்தாழ 10.7 கிராம். மிச்சம் இருக்கும் ஐந்து கிராமில்தான் சல்பேட்டு, மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. கடல் உயிர்களுக்கு அந்த ஐந்து கிராம் இல்லாமல் முடியாது. மீன்தொட்டிக் கடைகளில் இதற்கென்றே விற்கும் கலவையை வாங்குங்கள்.

வாளியில் உடைந்த மண்பானை ஓடுகளைப் போடுங்கள். பூச்சு இல்லாத, நன்றாகக் கழுவிய ஓடுகளாக இருக்கட்டும். சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். நுண்ணுயிர்களுக்கு அது அடுக்குமாடிக் குடியிருப்பு. யாரிடமாவது ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் கடல்நீர்த் தொட்டி இருந்தால், அதிலிருந்து ஒரு பிடி பருமணல் கேட்டு வாங்கிப் போட்டால் வேலை விரைவாகும். இல்லாவிட்டால் கடையில் புட்டியில் விற்கும் நுண்ணுயிர்க் கலவையைச் சேர்க்கலாம். சிறிய காற்றுப் பம்பு ஒன்றை இரவும் பகலும் ஓடவிடுங்கள். கடைசியாக, உரித்த இறால் துண்டு ஒன்று, விரல் நுனி அளவுக்கு. அவ்வளவுதான். வெயில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

இறால் அழுகத் தொடங்கும். வாடை அடிக்கும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது! மூன்று, நான்கு நாள்களில் அது குழைந்ததும் எடுத்து எறிந்துவிட்டு, அதன் பிறகு நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு வாருங்கள். வாளி நீரைத் தொட்ட பின் கையை நன்றாகக் கழுவுங்கள்.

அம்மோனியா, நைட்ரைட்டு, நைட்ரேட்டு மூன்றையும் அளக்கச் சொட்டு மருந்துப் பெட்டிகள் கிடைக்கின்றன. சிறு குழாயில் நீரை எடுத்து, மருந்தைச் சொட்டினால் நிறம் மாறும். அதனை நிற அட்டையுடன் ஒப்பிட வேண்டும். பள்ளியின் அறிவியல் மன்றம் ஒரு பெட்டி வாங்கினால் பலரும் பயன்படுத்தலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்து, வரைபடத் தாளில் மூன்று வண்ண மைகளால் குறித்து வாருங்கள்.

முதல் வாரத்தில் அம்மோனியாக் கோடு ஏறும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் அது வளைந்து இறங்கத் தொடங்கும்; நைட்ரைட்டுக் கோடு தலை தூக்கும். அதற்குப் பிறகு ஒரு சலிப்பான காலம் வரும். நைட்ரைட்டு உச்சியிலேயே நிற்கும். நாள் போய்க்கொண்டே இருக்கும். வாளியில் பார்ப்பதற்கு ஒன்றுமே இராது. என் தொட்டியை இரண்டாம் முறை தொடங்கியபோது, இந்தக் கட்டத்தில் நான் சோதனையையே நிறுத்திவிட்டு ஒரு மீன் வாங்கலாமா என்று நினைத்தேன். நல்ல வேளை, அப்போது கையில் பணம் இல்லை. நான்காவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்திற்குள் ஒரு நாள் நைட்ரைட்டுக் கோடு சடசடவென்று தரைக்கு வந்துவிடும். நைட்ரேட்டு மட்டும் ஏறிக்கொண்டே போகும். நீங்கள் போடும் உணவிலிருந்து பிறக்கும் அம்மோனியா, ஒரே நாளில் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும்.

இப்போது உங்கள் வாளியில் இருப்பது உப்புத் தண்ணீர் அல்ல, கடல்!

தாளில் கட்டும் தொட்டி

வாளி வேலை செய்துகொண்டிருக்கும் ஆறு வாரமும் தொட்டியைத் தாளில் கட்டுங்கள். தொட்டி மிகச் சிறியதாக இருந்தால் மலிவு, ஆனால் நடத்துவது கடினம். நீர் குறைவாக இருந்தால் வெப்பமும் உப்பும் நஞ்சும் சட்டென்று மாறும். 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள தொட்டி தொடங்குபவர்களுக்கு ஏற்றது. மேலே 5 செ.மீ. விட்டு நிரப்பினால் 94 லிட்டர். கல்லும் மணலும் இடம் பிடித்தது போக ஏறக்குறைய 80 லிட்டர் நீர். கண்ணாடி, கல், நீர் எல்லாம் சேர்ந்து 120 கிலோவுக்குக் குறையாது. ஐந்து சிப்பம் அரிசியை ஓர் எழுத்து மேசையின் மேல் வைப்பீர்களா? உறுதியான, நாலு காலும் சமமாக நிற்கும் தாங்கி வேண்டும். அதன்மேல் தெர்மோகோல் தகடு ஒன்றை விரித்து, தொட்டியை வைத்து, முதலில் வெறும் குழாய் நீரை நிரப்பி ஒரு வாரம் கசிகிறதா என்று பாருங்கள்.

நீர் எது? சென்னைக் குழாய் நீரில் குளோரின் இருக்கும். ஆழ்குழாய் நீரில் பல இடங்களில் நைட்ரேட்டும் பிற உப்புகளும் இருக்கும். எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் வடிகட்டிய நீர்தான் நல்லது. இன்று பல வீடுகளில் அந்தக் கருவி உண்டு. அது கழித்துவிடும் நீரை வீணாக்காமல் துணி துவைக்கவோ வீடு கழுவவோ பயன்படுத்துங்கள். 80 லிட்டருக்கு 2.8 கிலோ உப்புக் கலவை வேண்டும். கரைத்து ஒரு நாள் கலக்கவிட்டுத் திரவமானியால் அளந்து பாருங்கள். பால்காரரின் பால்மானிக்கு இது உடன்பிறப்பு. 25 டிகிரி வெப்பத்தில் ஒப்படர்த்தி 1.025-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

தொட்டி நீர் நாள்தோறும் ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு அங்கேயே இருக்கும். ஆகவே குறைந்த அளவை நல்ல நீரால் ஈடுசெய்ய வேண்டும், உப்பு நீரால் அல்ல. கேட்டால் எளிதுதான், ஆனாலும் தொடங்குபவர்களில் பலர் இந்த இடத்தில் தவறுகிறார்கள்.

வெளிநாட்டு நூல்களைப் படித்தால், தொட்டிக்குச் சூடேற்றி வாங்கச் சொல்வார்கள். நமக்கோ நேர்மாறான தொல்லை! நீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. சித்திரை, வைகாசியில் நம் அறைகளே 34 டிகிரி காட்டும். குளிரூட்டும் கருவியின் விலை தொட்டியைவிட அதிகம். ஆனால் நம் பாட்டிமார்கள் அறிந்த ஒரு வழி உண்டு. மண்பானை நீர் ஏன் குளிர்கிறது? ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதே போல நீர்ப்பரப்பின் குறுக்கே சிறிய மின்விசிறி ஒன்றை ஓடவிடுங்கள். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வேண்டும். 80 லிட்டரை ஒரு டிகிரி குளிர்விக்கச் சுமார் 330 கிலோஜூலை நீக்க வேண்டும். வகுத்துப் பாருங்கள்: 140 மில்லிலிட்டர் ஆவியானால் போதும்! வெளியிலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருப்பதால் உண்மையில் இன்னும் கூடுதலாக வேண்டியிருக்கும். காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் இதன் பலன் குறைவு. கோவை, மதுரையில் நன்றாக வேலை செய்யும்.

வெப்பத்தோடு மற்றொரு கேடும் சேர்ந்து வரும். 27 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கடல்நீரால் ஆறரைதான் முடியும். சூடு ஏற ஏற அதுவும் குறையும். எனவே நீரைப் புரட்டிக்கொண்டே இருக்கும் பம்பு இன்றியமையாதது. மணிக்கு 800 முதல் 1600 லிட்டர் வரை தள்ளும் பம்பு நம் தொட்டிக்குப் போதும். மின்சாரம் நின்றுபோனால்? மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள். மின்வெட்டு இரவு இரண்டு மணிக்குத்தான் வரும் என்பது என் அனுபவம்!

நுரை பிரிப்பான் என்ற கருவியைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடற்கரையில் அலை உடையும் இடத்தில் அழுக்கு நுரை ஒதுங்குகிறதல்லவா? அதே செயலை ஒரு குழாய்க்குள் செய்கிறது அது. புரதக் கழிவுகள் குமிழிகளின் மேல் ஒட்டிக்கொண்டு மேலே வந்து கிண்ணத்தில் சேரும். இருந்தால் நல்லது; இரண்டு சிறிய மீன்களுக்கு இல்லாமலும் சமாளிக்கலாம்.

பவழத்திற்கு என்ன வேண்டும்?

நாம் பவழம் வைக்கப்போவதில்லை என்றாலும், அது கேட்பது என்ன என்று தெரிந்துகொள்வது சுவையானது. பவழப் பூச்சியின் திசுக்களுக்குள் ஒருசெல் பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து, தாம் ஆக்கும் உணவில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுக்கின்றன. ஆகவே பவழத்திற்குத் தெளிந்த நீரும் நல்ல ஒளியும் வேண்டும். வழக்கமான கோடை வெப்பத்தைவிட நீர் ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகிச் சில வாரங்கள் நீடித்தால் போதும், இந்தக் கூட்டு முறிந்துவிடும். பாசி வெளியேற, பவழம் வெளிறிப் பட்டினி கிடக்கும். மன்னார் வளைகுடாவில் நடந்தது இதுதான்.

அடுத்தது எலும்புக்கூடு. அது சுண்ணாம்புக்கல், அதாவது கால்சியம் கார்பனேட். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 410 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. கடலில் அது தீராது. தொட்டியில் வளரும் பவழம் அதை நாள்தோறும் குறைத்துக்கொண்டே போகும். இதற்கு மாற்றாக 1970-களில் ஐரோப்பாவில் பீட்டர் வில்கென்ஸ் என்பவர் பரப்பிய முறை என்ன தெரியுமா? சுண்ணாம்புத் தெளிநீர்! உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில், குழாயால் ஊதினால் பால்போல் வெண்மையாகுமே, அதேதான். வெண்மையான பிறகும் தொடர்ந்து ஊதிப் பார்த்திருக்கிறீர்களா? நீர் மறுபடியும் தெளியும். கரையாத கார்பனேட்டு, கரையும் பைகார்பனேட்டாக மாறிவிடுகிறது. பவழம் இந்த வினையை மறுதிசையில் நடத்தித்தான் தீவுகளைக் கட்டியிருக்கிறது. அடுத்த முறை ஆய்வுக்கூடத்திற்குப் போனால் ஆசிரியரின் அனுமதி பெற்று இதைச் செய்து பாருங்கள். தெளிநீர் கண்ணில் படக்கூடாது, உறிஞ்சிவிடவும் கூடாது.

மீன் வரும் நாள்

எந்த மீன்? கடையில் மிக அழகாகத் தெரியும் மீனை வாங்காதீர்கள். நீல நிற சர்ஜன் மீன் கடையில் விரல் நீளம்தான் இருக்கும். வளர்ந்தால் ஓர் அடி! மாண்டரின் மீன் நுண்ணிய இறாலினங்களை நாள் முழுதும் மேய்வது. நம் தொட்டியில் மெல்ல மெல்லப் பட்டினியால் சாகும். பிற நாட்டுப் பாறைகளிலிருந்து வரும் மீன்களில் சில, சயனைடு கரைசலைப் பீய்ச்சி மயக்கிப் பிடித்தவை. பிலிப்பீன்ஸில் 1960-களில் பரவிய கொடுமை அது.

பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒரு சோடி வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பரங்கிப்பேட்டையிலும் இவற்றைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறைகளை உருவாக்கியுள்ளன. பண்ணை மீன் குறுணை உணவைத் தயங்காமல் தின்னும். கடல் சாமந்தி இல்லாமலும் வாழும்; ஒரு மண்சட்டியின் மூலையையே வீடாக வைத்துக்கொள்ளும். இவை எல்லாம் ஆணாகவே வாழ்க்கையைத் தொடங்குகின்றன என்பது வியப்பு. கூட்டத்தில் மிகப் பெரியதுதான் பெண்ணாக மாறும். அது இறந்துவிட்டால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாகும்! இரண்டு குஞ்சுகளை வளர்த்துப் பொறுமையாகக் கவனித்தால், ஒன்று மற்றதைவிடப் பெரிதாகி ஆட்சி செய்யத் தொடங்குவதை நீங்களே காணலாம்.

வாளியின் ஓடுகளை, ஈரம் காயவிடாமல், தொட்டிக்கு மாற்றுங்கள். அவற்றோடு வடிகட்டிக் கற்களும் பருமணலும் சேரட்டும். வாளியில் செய்தது போலவே ஒரு சிட்டிகை உணவு போட்டு, இரண்டு வாரம் அளந்து வாருங்கள். அம்மோனியா, நைட்ரைட்டு இரண்டும் அசையாமல் சுழியிலேயே நின்றால் மீன் வாங்கப் போகலாம். முதலில் ஒரு பகுதி நீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மீன் வந்த பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிடுங்கள், வெப்பம் சமமாகும். பிறகு மீனைப் பை நீரோடு ஒரு கிண்ணத்தில் விட்டு, மெல்லிய குழாயில் தளர்வான முடிச்சுப் போட்டு, தொட்டி நீரை நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக ஒரு மணி நேரம் விழவிடுங்கள். கிண்ணத்து நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். மீனை மட்டும் சிறு வலையால் எடுத்து விடுங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள். அன்று உணவு வேண்டாம். மீன் ஒளிந்துகொள்ளும், தேடாதீர்கள்.

மறுநாள் காலையில் முதல் உணவைப் போடுவதற்கு முன் சொட்டு மருந்தை எடுத்து அம்மோனியாவை அளந்து, வாளிக்காக ஒட்டிய அதே வரைபடத் தாளில் அடுத்த புள்ளியை வையுங்கள்.